ஊர்ந்து போகும் அந்தப் பழைய கார்களை ஒரு நகரம் எதற்குக் கொண்டாட வேண்டும்?

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிங் ரோடும் ஸ்டோரி ரோடும் சந்திக்கிற பக்கம் ஒரு ஞாயிறு சாயங்காலம் போனேன். பழைய கார்கள் வரிசைகட்டி ஊர்ந்துகொண்டிருந்தன, இரண்டு மூன்று கார்கள் சிக்னலில் நின்ற இடத்திலேயே குதித்தன, போலீஸ் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. முன்பு இதற்குத் தடை இருந்ததாம், இப்போது எடுத்துவிட்டார்களாம், ஊரின் பாரம்பரியம் என்று புகழ்கிறார்களாம். சாலையை அடைத்துக்கொண்டு போகிறவர்களை எதற்குக் கௌரவிக்க வேண்டும்?"

நியாயமான கேள்விதான். அவசரமாக வீட்டுக்குப் போகும்போது முன்னால் ஒரு கார் பத்து மைல் வேகத்தில் போனால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் நீங்கள் பார்த்தது என்ன, அது ஏன் அந்தத் தெருவில் நடக்கிறது, அதைத் தடை செய்தபோது யாருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் தெரிந்தால் கேள்வியே கொஞ்சம் மாறிவிடும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் பார்த்தவை லோரைடர்கள். தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்திக் கட்டிய, பெரும்பாலும் ஷெவர்லே கம்பெனியின் பழைய கார்கள். அவற்றை மெதுவாக, ஒரே தெருவில் மேலும் கீழுமாக ஓட்டிப்போவதுதான் க்ரூஸிங். எங்கேயும் போய்ச் சேருவதற்காக ஓட்டுவது கிடையாது. ஊர் பார்க்க வேண்டும், தானும் ஊரைப் பார்க்க வேண்டும், தெரிந்தவர்களுக்குக் கை காட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் தேர் நான்கு மாட வீதியும் சுற்றி வரும்போது கொஞ்சம் சீக்கிரம் இழுங்கப்பா என்று யாராவது சொல்வார்களா? மெதுவாக வருவதால்தானே எல்லோரும் பார்க்க முடிகிறது. இவர்கள் கணக்கும் அதேதான். "தாழ்வாக, மெதுவாக" என்பதுதான் இவர்களின் தாரக மந்திரம், ஸ்பானிஷில் "பஹீதோ இ சுவாவெசீதோ" என்பார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்றால், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்துக்குப் போக வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியாவின் மெக்சிக்கோ வம்சாவளி இளைஞர்கள், சிக்கானோக்கள் என்று தங்களைப் பிற்பாடு அழைத்துக்கொண்டவர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பினார்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தது, பலருக்கு ராணுவத்தில் கற்ற மெக்கானிக் வேலை தெரியும். புது கார் வாங்க வசதி இல்லை, செகண்ட் ஹாண்டில் கிடைத்தது ஷெவர்லே. அதே காலத்தில் மற்ற இளைஞர்கள் ஹாட் ராட் என்று எஞ்சினை முறுக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, நேர்கோட்டில் பறந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் நேர் எதிராகப் போனார்கள். டிக்கியில் மணல் மூட்டையைப் போட்டார்கள், சிமென்ட் கட்டியை வைத்தார்கள், சுருள் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றை வெட்டி எடுத்தார்கள். வண்டி தரையோடு தரையாக இறங்கியது. மெக்சிக்கோ ஊர்களில் மாலையானால் ஆண்களும் பெண்களும் ஊர்ச் சதுக்கத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றி நடக்கிற வழக்கம் உண்டு, பசேயோ என்று பெயர். அந்தச் சுற்றுநடைதான் இங்கே காருக்கு மாறியது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது. குடும்பம் குடும்பமாக வந்து, தெரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

அரசாங்கத்துக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. 1958 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. மணல் மூட்டை போட்டு இறக்கிய வண்டி, ஸ்பிரிங் வெட்டிய வண்டி எல்லாவற்றுக்கும் அபராதச் சீட்டு எழுதலாம் என்றாகிவிட்டது. இதற்குக் கிடைத்த பதில்தான் அற்புதமானது. ரான் அகீரே என்பவர் 1959 வாக்கில் தன்னுடைய ஷெவர்லே கார்வெட் காரில், விமானங்களிலிருந்து கழித்துக் கட்டிய ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் வாங்கிப் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் ஏறும், இன்னொரு தட்டு தட்டினால் இறங்கும். போலீஸ் தூரத்தில் தெரிந்தால் வண்டி சட்டப்படியான உயரத்துக்கு வந்துவிடும், போலீஸ் போனதும் பழையபடி தரைக்கு. நீங்கள் சிக்னலில் பார்த்த அந்தக் குதிக்கிற காரின் மூலம் இதுதான். வேடிக்கைக்காக யாரோ கண்டுபிடித்த விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் அதன் அடியில் ஒரு சட்டம் கிடக்கிறது.

அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். உள்ளே வரிசையாகப் பேட்டரிகள் இருக்கும், பக்கத்தில் குரோம் பூசிய ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ பம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு மின் மோட்டார், ஓர் எண்ணெய்த் தொட்டி. அங்கிருந்து நான்கு சக்கரங்களுக்கும் கனமான ஹோஸ்கள் ஓடும். சக்கரத்தருகே ஸ்பிரிங்கோடு ஒரு சிலிண்டர். ஓட்டுநர் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் எண்ணெயைச் சிலிண்டருக்குத் தள்ளும், சிலிண்டர் நீளும், வண்டி எழும். இறக்க வேண்டுமானால் வால்வு திறக்கும், காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும். பேட்டரிகளைத் தொடராக இணைத்து வோல்டேஜைக் கூட்டினால் சிலிண்டர் அத்தனை வேகமாக நீளும், முன்சக்கரங்கள் தரையை விட்டே எழும்பும். குதிப்பது அப்படித்தான். இதில் சட்டகத்துக்கு வருகிற அடி சாதாரணமானதில்லை, அதனால் அடிச்சட்டத்தைப் பல இடங்களில் வெல்டிங் வைத்து பலப்படுத்தியிருப்பார்கள். ஒரு காரின் ஒரு மூலை மட்டும் இறங்கி, எதிர்மூலைச் சக்கரம் காற்றில் தொங்க, மூன்று சக்கரத்தில் வளைவைக் கடந்து போவதைப் பார்த்தால், அந்தச் சுவிட்சுப் பலகையில் விரல்கள் எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்று புரியும்.

பெரும்பாலானவர்கள் குதிப்பதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் பெயின்ட். கேண்டி பெயின்ட் என்று கேள்விப்பட்டிருக்கலாம். சாதாரணக் காரில் நிறம் ஒரே பூச்சில் வந்துவிடும். இதில் முதலில் வண்டியைத் தகரம் தெரியும்வரை சுரண்டி, டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கையால் தடவினால் ஒரு மேடு பள்ளம் தட்டுப்படாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வெள்ளியோ தங்கமோ கலந்த அடிப்பூச்சு. அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற நிறத்தை மெல்லிய பூச்சுகளாகப் பல தடவை அடிக்க வேண்டும். வெயில் அந்த நிறத்துக்குள் புகுந்து, அடியில் இருக்கிற வெள்ளியில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்தச் சிவப்பு அப்படி எரிகிறது. ஒரு பூச்சு ஓரிடத்தில் கொஞ்சம் கனத்துவிட்டாலும் அங்கே நிறம் இருண்டு பட்டை விழும், மறைக்கவே முடியாது. கதவுக்கு அடித்ததும் பானட்டுக்கு அடித்ததும் ஒரே எண்ணிக்கையில், ஒரே கனத்தில் இருக்க வேண்டும். கேண்டி ஆப்பிள் ரெட் என்ற புகழ்பெற்ற சிவப்பைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் ஜோ பெய்லன் இந்த சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்காரர்தான், 1950களில் அதற்காக வருஷக்கணக்கில் கலந்து கலந்து பார்த்தவர்.

கேண்டியோடு முடியாது. அதன்மேல் டேப் ஒட்டி வரைகிற கோலங்கள், துணி வலையை வைத்து அடிக்கிற லேஸ் வடிவங்கள், வெள்ளி இலை ஒட்டுவது, கடைசியாக நீளமான மயிர் கொண்ட தூரிகையால் கையால் இழுக்கிற மெல்லிய கோடுகள். ஒரு முறை பார்க்கிங்கில் ஒரு பெரியவர் தன் 1964 ஷெவர்லே இம்பாலாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், பேச்சுக் கொடுத்தேன். அவர் முதலில் எஞ்சினைக் காட்டவில்லை, பம்பைக் காட்டவில்லை. என்னைக் குனியச் சொல்லி, பின் மட்கார்டில் ஆரம்பித்துக் கதவு வழியாக முன் விளக்கு வரை போகிற ஒரு கோட்டைக் காட்டினார். ஏறத்தாழ ஒரு நூல் கனம். கதவு இடைவெளியில்கூடக் கோடு விலகாமல் அந்தப் பக்கம் அப்படியே தொடர்ந்தது. வரைந்தவர் இறந்துவிட்டார், இப்போது அந்தக் கதவில் சின்னக் கீறல் விழுந்தால்கூட அதே கையால் சரிசெய்ய ஆள் கிடையாது, அதனால் மழைக்காலத்தில் வண்டியை வெளியே எடுப்பதே இல்லை என்றார். வரைந்தவர் தன் பெயரைக் காரில் எங்காவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டேன். டிக்கி மூடியின் உட்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் இருந்தது.

இந்த இம்பாலாவை ஏன் எல்லோரும் விரும்புகிறார்கள் என்றும் கேட்பீர்கள். 1958 முதல் 1964 வரை வந்த இம்பாலாக்களுக்கு எக்ஸ் வடிவ அடிச்சட்டம், பக்கவாட்டில் கனமான இரும்புத் தண்டுகள் கிடையாது, அதனால் நன்றாக இறக்க முடியும். நீளமான தட்டையான பக்கங்கள், அகலமான டிக்கி, பெயின்டருக்கு இதைவிட நல்ல சுவர் கிடைக்காது. அப்புறம், 1970களில் மலிவாகக் கிடைத்தன. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றிருந்தால் இந்தக் கலையே இப்படி வளர்ந்திருக்காது.

இனி ஊர் விஷயத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே விட்டியர் பொலிவார்ட்தான் இதன் பெரிய வீதி. 1962இல் ருவேலாஸ் சகோதரர்கள் தொடங்கிய ட்யூக்ஸ் என்ற லோரைடர் கிளப் இன்னும் இருக்கிறது, இம்பீரியல்ஸ் என்ற கிளப்பும் அங்கிருந்து வந்ததுதான். கிளப் என்றால் வெறும் பெயர் கிடையாது. பின் கண்ணாடிக்கு அருகே அந்தப் பெயர்த் தகட்டை வைக்க அனுமதி வாங்குவதற்கே கார் ஒரு தரத்துக்கு வந்திருக்க வேண்டும், உறுப்பினர் வீட்டில் கல்யாணமோ சாவோ என்றால் எல்லா வண்டியும் போக வேண்டும், கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்க வசூல் நடக்கும். சான் ஹோசேக்கு இதில் தனி இடம் உண்டு. 1977இல் சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று இளைஞர்கள், சன்னி மட்ரிட், லாரி கொன்சாலஸ், டேவிட் நுன்யெஸ், "லோ ரைடர்" என்ற பத்திரிகையை இங்கேதான் தொடங்கினார்கள். அச்சுப் பதிப்பு 2019 வரை ஓடியது. எங்கோ டெக்சஸிலோ நியூ மெக்சிக்கோவிலோ, ஏன் ஜப்பானிலோகூட ஓர் இளைஞன் தன் காரை இப்படி மாற்ற ஆசைப்பட்டான் என்றால் அதற்கு இந்தப் பத்திரிகை பெரிய காரணம். ஜப்பானில் நகோயாவில் இம்பாலா ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அந்த இழை உங்கள் தெரு முனை வரை வருகிறது.

இவ்வளவு இருந்தும் தடை வந்தது. 1970களின் கடைசியில் விட்டியர் பொலிவார்டைப் போலீஸ் தடுப்பு வைத்து அடைத்தது. 1980களில் நகரசபைகள் க்ரூஸிங்கைத் தடை செய்ய மாநிலச் சட்டம் வழிவிட்டது. 1986இல் சான் ஹோசே, 1992இல் சான் டியேகோவை ஒட்டிய நேஷனல் சிட்டி, இப்படி ஊர் ஊராக. அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்: நெரிசலான இடத்தில் குறித்துவைத்த ஒரு புள்ளியை, குறித்த நேரத்துக்குள் ஒரு கார் திரும்பத் திரும்பக் கடந்தால் அது க்ரூஸிங். நெரிசல் இருக்கிறதா என்பதை அங்கே பணியில் இருக்கும் மூத்த காவலர் முடிவு செய்வார். முதலில் எழுத்தில் எச்சரிக்கை, பிறகும் வந்தால் குற்றம். அதாவது நீங்கள் வேகமாக ஓட்டவில்லை, சிக்னலை மீறவில்லை, குடிக்கவில்லை. ஒரே தெருவில் திரும்ப வந்தீர்கள், அதுதான் தப்பு. கடைக்குப் போய்விட்டு மறந்துபோன பாலை வாங்கத் திரும்புகிறவரும் இதைத்தான் செய்கிறார். அவரை யாரும் நிறுத்தப்போவதில்லை. தாழ்ந்த காரில் பழுப்பு நிறத்து ஆள் உட்கார்ந்திருந்தால் நிறுத்துவார்கள். இந்தத் தடை யார்மேல் விழுந்தது என்பதில் அந்தத் தெருக்காரர்கள் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நேஷனல் சிட்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஊரின் ஒரு வீதிக்கு "மைல் ஆஃப் கார்ஸ்" என்றே பெயர், வரிசையாகக் கார் ஷோரூம்கள். கார் விற்றுப் பெயர் வாங்கிய ஊர், பக்கத்தில் ஹைலண்ட் அவென்யூவில் காரை மெதுவாக ஓட்டியவர்களுக்கு முப்பது வருஷம் வழியை அடைத்தது.

எதிர்த்தரப்பைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 1980களிலும் 90களிலும் இந்த வீதிகளில் கும்பல் சண்டை நடந்தது உண்மை, துப்பாக்கிச் சூடும் நடந்தது, ராத்திரி முழுக்கச் சத்தமும் குப்பையும் என்று கடைக்காரர்கள் சொன்ன புகார் பொய்யில்லை. அதைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வேறு இருந்தன. சண்டைக்குச் சட்டம் இருக்கிறது, சத்தத்துக்குச் சட்டம் இருக்கிறது, தாறுமாறாக ஓட்டுவதற்கும் இருக்கிறது. அதையெல்லாம் விட்டு ஓட்டுவதையே குற்றமாக்கியதில், வாரக்கணக்கில் பெயின்ட் அடித்த அப்பாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையும் சேர்ந்து குற்றவாளி ஆனார்கள். இன்னொன்று, இப்போது வளைகுடாப் பகுதியில் நாற்சந்தியை மறித்து டயர் புகைய வட்டம் அடிக்கிறார்களே, சைட்ஷோ என்று, அதையும் லோரைடரையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வருஷக்கணக்கில் உழைத்து, வீட்டுக்கடன் அளவுக்குச் செலவழித்துக் கட்டிய வண்டியைக் கொண்டுபோய் யாரும் நாற்சந்தியில் சுழற்றிச் சுவரில் மோதமாட்டார்கள். சைட்ஷோமேல் இவர்களுக்கு இருக்கிற கோபம் உங்களுடையதைவிட அதிகம்.

சரி, தடை எப்படிப் போனது? யாரும் தானாக மனம் மாறித் தரவில்லை. நேஷனல் சிட்டியில் கிளப்கள் கூடி யுனைடெட் லோரைடர் கோயலிஷன் என்று ஓர் அமைப்பை உண்டாக்கி, நகரசபைக் கூட்டம் தவறாமல் போய்ப் பேசினார்கள். 2022இல் சோதனை முறையில் மாதாந்திர க்ரூஸ் நடத்த அனுமதி கிடைத்தது, பிறகு பந்தோபஸ்துச் செலவை ஏற்பாட்டாளர்கள்தான் கட்ட வேண்டும் என்று தகராறு வந்து அது நின்றுபோனது. விடாமல் போனார்கள், 2023இல் தடையே நீக்கப்பட்டது. அதற்கு முன்பே 2022இல் சேக்ரமென்டோவும் சான் ஹோசேயும் தங்கள் தடையை எடுத்திருந்தன. கடைசியில் டேவிட் அல்வாரெஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த ஏபி 436 மசோதாவில் 2023 அக்டோபரில் கவர்னர் நியூசம் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் எந்த ஊரும் க்ரூஸிங்கைத் தடை செய்ய முடியாது. அதோடு அந்த ரிம் சட்டமும், ஹைட்ராலிக்கையே பிறக்கவைத்த அந்த 1958 விதியும், ஒழிந்தது. போலீஸ் சும்மா நின்றது என்று கேட்டீர்களே, சும்மா நிற்கவில்லை. நிறுத்துவதற்கு இப்போது சட்டம் இல்லை.

தேசிய அளவில் இந்தக் கார்களுக்கு மரியாதை இதற்கு முன்பே வந்துவிட்டது என்பதுதான் மனசை உறுத்துகிறது. ஜிப்சி ரோஸ் என்றொரு கார். இம்பீரியல்ஸ் கிளப்பின் ஜெஸ்ஸி வலாதெஸ் கட்டியது, 1964 இம்பாலா. உடல் முழுக்க இளஞ்சிவப்பு, அதன்மேல் கையால் வரைந்த ரோஜாக்கள், உள்ளே இளஞ்சிவப்பு வெல்வெட் குஷன், சரவிளக்கு. இதற்கு முன் அவர் இதே பெயரில் கட்டிய 1963 மாடல் நாசமாக்கப்பட்டது, அதற்குப் பிறகு இதைக் கட்டினார். 2017இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இதைச் சேர்த்து, வாஷிங்டனில் நேஷனல் மால் என்ற திறந்தவெளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு வைத்தார்கள். வலாதெஸ் 2011இலேயே காலமாகிவிட்டார், அதைப் பார்க்கவில்லை. நியூ மெக்சிக்கோவின் சிமாயோ என்ற சின்ன ஊரில் டேவிட் ஹாரமீயோ என்பவர் 1969 ஃபோர்ட் எல்டிடியை மாற்றிக்கட்டத் தொடங்கினார், 1978இல் விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தார் அதை முடித்தார்கள், "டேவ்ஸ் ட்ரீம்" என்று பெயர், இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கலை அருங்காட்சியகத்துக்குள் மரியாதையாக நின்ற அதே காலத்தில், அது பிறந்த தெருவில் ஓட்டினால் அபராதம்.

அதனால்தான் கௌரவம் என்ற பேச்சு வரும்போது நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். மொடெஸ்டோ என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள், சான் ஹோசேயிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பிறந்த ஊர். 1962இல் அந்த ஊர் இளைஞர்கள் இரவெல்லாம் க்ரூஸிங் போன கதையை அவர் 1973இல் "அமெரிக்கன் கிராஃபிட்டி" படமாக எடுத்தார், படப்பிடிப்பு பெரும்பாலும் பெட்டலூமாவில் நடந்தாலும் கதை மொடெஸ்டோவுடையது. அந்த ஊரும் அதைப் பெருமையாக வைத்துக்கொண்டது, 1997இல் சிலை வைத்தது, ஜூன் மாதம் முழுக்கக் கார் விழா. ஆனால் 1990களில் அங்கேயும் க்ரூஸிங்குக்குத் தடை. சிலை இருந்தது, தெரு இல்லை. பிற்பாடு அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. நகர மையத்து நடைபாதையில் க்ரூஸிங்கை வளர்த்தவர்களின் பெயர்களைப் பதித்தார்கள், லூகாஸோடு நிற்காமல், உள்ளூர் ஒர்க்‌ஷாப்காரர்களையும் கார் கட்டியவர்களையும் சேர்த்து. அந்த ஊரில் கடை வைத்திருந்த ஜீன் வின்ஃபீல்டின் கைவேலை உலகம் அறிந்தது, ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் கரைந்து போகிற பெயின்டுக்குப் பேர்போனவர். ஸ்டார் ட்ரெக் தொடரின் கலிலியோ விண்கலம்கூட அவர் தயாரிப்புதான். 2025 மார்ச்சில் 97 வயதில் காலமானார். அவர் பேர் நிலைக்கும். அவரளவு பேர் இல்லாத, கராஜில் வேலை செய்து முடித்துவிட்டுப் போன ஆட்கள்தான் என் கவலை.

ஒரு காருக்குக் கோப்பை கிடைத்தால் சொந்தக்காரர் பெயர் எழுதப்படுகிறது. பட்டி பார்த்தவர், கோடு இழுத்தவர், குஷன் தைத்தவர், குரோம் பூசியவர், பம்ப் கட்டியவர், இவர்கள் பெயர் அந்தப் பெரியவரின் டிக்கி மூடி மாதிரி உட்பக்கத்தில்தான் கிடக்கிறது. பெண்களின் பங்கு இன்னும் மோசம், 1970களிலேயே தனியாகக் கிளப் வைத்து ஓட்டிய பெண்கள் இருந்தார்கள், பழைய புகைப்படங்களில் அவர்களை யாரோ ஒருவரின் காதலியாக பானட்மேல் சாய்ந்து நிற்க மட்டும் விட்டிருப்பார்கள். சான் ஹோசே மாதிரி ஒரு நகரம் உண்மையாகவே கௌரவிக்க நினைத்தால், மேயர் கையால் சான்றிதழ் கொடுப்பதைவிட உபயோகமான காரியம், இப்போது எழுபது எண்பது வயதில் இருக்கிறவர்களை உட்காரவைத்துப் பேசப் பதிவு செய்வது, வீட்டு ஆல்பங்களை வாங்கி நகல் எடுத்துப் பாதுகாப்பது, அந்தக் கைவேலையை உள்ளூர்க் கல்லூரித் தொழிற்பிரிவில் இவர்களை வைத்தே சொல்லிக்கொடுப்பது. தெருவை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அது பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. அடுத்த ஒரு மேயர் வந்து பந்தோபஸ்துக் கட்டணம், அனுமதிக் கட்டணம் என்று பின்வாசல் வழியாக அதைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நேஷனல் சிட்டியில் நடந்தது கண்முன் இருக்கிறது.

நீங்கள் வரி கட்டுகிற ஆள், சாலை உங்களுக்கும் சொந்தம் என்பதை நான் மறக்கவில்லை. அவசரம் இருக்கிற அன்று ஸ்டோரி ரோட்டை விட்டுவிட்டு டல்லி ரோடு வழியாகப் போய்விடுங்கள். அவசரம் இல்லாத ஒரு நாள் காரைத் தள்ளி நிறுத்திவிட்டுக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நடந்து போங்கள். காரைத் தொடாதீர்கள், சட்டை பட்டனும் கைப்பையும் பெயின்டில் உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பூச்சில் விழும் கீறல் பல பூச்சுக்கு ஆழமாக இறங்கும். போட்டோ எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. "எவ்வளவு செலவாச்சு" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள், "பெயின்ட் யார் அடித்தது" என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். சான் டியேகோ பக்கம் ஏப்ரலில் போக வாய்ப்பு இருந்தால் சிக்கானோ பார்க் தின விழாவைப் பார்த்துவிட்டு வாருங்கள், பாலத்தின் தூண்களில் வரைந்த பெரிய சுவரோவியங்களுக்குக் கீழே இந்தக் கார்கள் வரிசையாக நிற்கும், 1970இல் அந்தப் பூங்கா உருவானதை நினைவுகூரும் விழா அது. வெயில் அதிகம், தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், பார்க்கிங் கிடைக்காது, ட்ராலி ரயிலில் போவதுதான் நல்லது.